வருதா?

1988-ல் எங்கள் புரசைவாக்கம் வீட்டுக்கு டிவி வந்தது. மரப்பெட்டி, இழுத்து மூடும் ஷட்டர், கறுப்பு வெள்ளை சாலிடேர். வந்த அன்றே தெரிந்துவிட்டது, இதில் ஹீரோ டிவி அல்ல, ஆன்ட்டெனாதான் என்று. மீனைச் சாப்பிட்டு முடித்து முள்ளை மட்டும் மொட்டை மாடியில் நட்டு வைத்த மாதிரி நிற்கும். காக்கா வந்து உட்கார்ந்தால் ஒளியும் ஒலியுமில் கதாநாயகிக்கு இரண்டு தலை. பலமாகக் காற்றடித்தால் செய்தி வாசிக்கிறவருக்கு முகமெல்லாம் அம்மை.

உடனே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுவார். டிவி முன்னால் நான். நடுவில், முற்றத்தில், அம்மா.

"வருதா?" - மேலேயிருந்து அப்பா.

"வருதாடா?" - அம்மா.

"வரலை."

"வரலையாம்!"

"இப்ப?"

"வருது... வருது... போச்சு!"

நான் சொன்ன 'வருது' அம்மா மூலமாக மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் அப்பா ஆன்ட்டெனாவை இன்னும் ஒரு திருப்பு திருப்பியிருப்பார். நான் 'போச்சு' என்று அலறும்போது அவருக்கு 'வருது' போய்ச் சேர்ந்திருக்கும். சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்து பார்த்தால் திரையில் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். தகவல் தொடர்பில் காலதாமதம் என்றால் என்ன என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை. அம்மாதான்.

அந்த மீன்முள் ஆன்ட்டெனாவுக்கு யாகி-உடா என்று பெயர். யாகி, உடா இருவரும் ஜப்பான்காரர்கள். அவர்கள் அதை உலகத்துக்குச் சொன்னது 1926-ல். அதே 1926 ஜனவரியில்தான் லண்டனில் ஜான் லோகி பெயர்டு ஒரு மாடி அறையில் சில விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு, மங்கலாக ஆடுகிற ஒரு மனித முகத்தைக் காட்டி, 'இதுதான் டெலிவிஷன்' என்றார். பெட்டியும் முள்ளும் ஒரே வயசு. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வர இன்னும் பதின்மூன்று வருஷம் ஆனது. அப்பா கருவூலத்தில் வேலை பார்த்தவர். எந்தச் செலவையும் அவ்வளவு சீக்கிரம் பாஸ் பண்ண மாட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வருஷம் கழித்து அதே வீட்டில், அதே 'வருதா?' மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை கத்தியது நான்.

*

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, பின்கட்டு அறையில் கட்டிலோடு இருக்கிறார். வாக்கர் பிடித்து நாலடி நடப்பார். அந்த அறையில் 32 இஞ்ச் டிவி ஒன்று உண்டு. என் கம்ப்யூட்டர் வாசல் பக்கத்து அறையில் இருக்கிறது. எங்கள் வீடு பழைய காலத்து ரயில் பெட்டி வீடு. ஒன்றன் பின் ஒன்றாக நாலு அறை. நடுவில் தாத்தா கட்டிய பதினாலு அங்குலச் சுவர்கள் மூன்று. ஆணி அடித்தால் ஆணி வளையும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் இருக்கும். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க அக்கா கல்யாண கேசட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு சொன்னியே, இருக்கா?"

அக்கா கல்யாணம் 2001. மூன்று விஹெச்எஸ் கேசட். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தபோது, ஒருத்தரிடம் கொடுத்து ஃபைலாக மாற்றி வைத்திருந்தேன். அம்மா 2016-ல் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த ஃபைலை நான் திறக்கவில்லை. அப்பாவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இருபத்திநாலு மணி நேரமும் ஒரே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் என்ன காரணம் கேட்பது?

'பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் முடிந்தது. இதற்கு ஒரு கட்டுரையா?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. செருகினேன். 'இந்த ஃபைலைத் திறக்க இயலாது' என்று டிவி மரியாதையாகச் சொல்லிவிட்டது. சரி, ஃபைலை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அக்காவும் பேத்தியும் பேசும் வீடியோ கால்? செல்போன் திரையில் பேத்தி முகம் அப்பாவுக்குக் கொட்டைப்பாக்கு சைஸில் தெரிகிறது. ஆகவே என் கம்ப்யூட்டர் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே பின்கட்டு டிவியிலும் தெரிய வேண்டும். நான் பி.காம். டெபிட் எழுதினால் எதிரே கிரெடிட் விழுந்தாக வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்த விஞ்ஞானம். இங்கே எழுதினால் அங்கே விழ வேண்டும். அவ்வளவுதானே என்று இறங்கினேன்.

*

முதலில் வயரில்லாத வழி. இதில் இரண்டு ஜாதி இருக்கிறது. இரண்டையும் எல்லோரும் ஒன்றாகவே குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, 'காஸ்ட்' செய்வது. 2013-ல் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் இதைப் பிரபலமாக்கியது. (2024-ல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த வித்தை இப்போது பல டிவிகளுக்குள்ளேயே இருக்கிறது.) இதில் உங்கள் போன் படத்தை அனுப்புவதில்லை. 'இந்த விலாசத்தில் ஒரு படம் இருக்கிறது, நீயே போய் எடுத்துக்கொள்' என்று டிவிக்கு ஒரு சீட்டு மட்டும் கொடுக்கிறது. பணத்தை மூட்டை கட்டித் தூக்கிப் போகாமல் டிமாண்ட் டிராஃப்ட் எடுப்பது போல. சீட்டைக் கொடுத்த பிறகு நீங்கள் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

இன்னொன்று 'மிரரிங்'. பெயரே கண்ணாடி. உங்கள் திரையில் இருப்பதை அப்படியே படம் பிடித்து நொடிக்கு நொடி அனுப்புவது. இது நிஜமாகவே பணத்தை மூட்டையாகத் தூக்கிப் போவது. அந்த மூட்டை எவ்வளவு கனம் என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். இன்றைய சாதாரணத் திரையில் 1,920 பத்தி, 1,080 வரிசை. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட். நொடிக்கு 60 தடவை. மொத்தம் நொடிக்கு 298 கோடிக்கு மேல் பிட். வீட்டு வைஃபையால் இதைத் தூக்க முடியாது. அதனால் துணியைக் கசக்கித் திருகிப் பெட்டியில் அடைப்பது போல படத்தை நசுக்கி அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் பிரித்து உதறிப் போட்டுக்கொள்கிறது. நசுக்க ஒரு கணம், உதற ஒரு கணம். இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே கொஞ்சம் கழித்துத்தான் அம்புக்குறி நகரும். நடுவில் அம்மா நிற்கிறாள், அவ்வளவுதான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கு மிராகாஸ்ட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. 2012-ல் வந்தது. விண்டோஸ் பட்டனோடு 'கே'யைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் டிவிகளைத் தேடும். வீட்டு வைஃபை பெட்டிகூட வேண்டாம், கம்ப்யூட்டரும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஒரே அறையில் இருந்தால் பிரமாதம். எங்கள் வீட்டில் தாத்தாவின் சுவர்கள் குறுக்கே நின்றன. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4-ல் சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அதோடு அந்தத் தடத்தில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கல்யாண ஊர்வலம் இரண்டடி நகர்ந்து அப்படியே உறைந்தது. நாதஸ்வரம் மட்டும் விக்கி விக்கி வந்தது.

"வருதாப்பா?"

நடு அறையில் நின்றிருந்த என் மனைவி, "மாமா, வருதான்னு கேக்கறார்" என்றாள்.

"மாப்பிள்ளை கால் தூக்கினபடியே நிக்கறார். இறக்கச் சொல்லு."

*

வயர்தான் வழி என்று ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நேராக அளந்தால் நாற்பதடி. சுவரோரமாகச் சுற்றினால் ஐம்பத்தைந்து. இருபது மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் கேட்டேன். கயிறு கனத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். விலை சல்லிசு. வீட்டுக்கு வந்து தரையில் விரித்து இரண்டு பக்கமும் செருகினால், மூன்று நொடி படம், இரண்டு நொடி கறுப்பு, மறுபடி மூன்று நொடி படம்.

தாமிரக் கம்பியில் ஹெச்டிஎம்ஐ சிக்னல் பத்து, பதினைந்து மீட்டருக்கு மேல் களைத்துவிடும். அதற்கு மேல் போனால் வேறு வழி பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு குட்டிப் பெட்டி வைத்து, நடுவில் சாதாரண நெட்வொர்க் கேபிளில் அனுப்பலாம். அல்லது உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஆப்டிகல் கேபிள் வாங்கலாம். இதையெல்லாம் கேபிள் வாங்கிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். திரும்பிப் போனால், "கட் பண்ணின ஐட்டம் மாதிரி சார், எக்ஸ்சேஞ்ச் கிடையாது" என்றார் கடைக்காரர். யாரும் எதையும் கட் பண்ணவில்லை. விவாதிக்கத் தெம்பில்லாமல் ஆப்டிகல் கேபிளை வாங்கி வந்தேன். பழைய கேபிளில் இப்போது மாடியில் துணி காய்கிறது.

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து சுவரோரமாக கேசிங் பட்டி அடித்து, மூன்று சுவரிலும் டிரில் போட்டு, ஒரு முழு நாள் உழைத்து கேபிளை இழுத்தார். வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. சாயங்காலம் ஆறு மணிக்குச் செருகினோம்.

"வருதா?"

"வரலை."

ரிமோட்டில் எல்லா பட்டனையும் அமுக்கினோம். அணைத்துப் போட்டோம். வரலை. கடைசியில் கேபிளின் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடுகு எழுத்தில் 'டிஸ்ப்ளே' என்று இருந்தது. நான் அதைக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தேன். ஆப்டிகல் கேபிள் ஒருவழிப் பாதை. ஒரு முனையில் மின்சாரத்தை ஒளியாக்கும் சில்லு, மறுமுனையில் ஒளியை மின்சாரமாக்கும் சில்லு. மாற்றிப் போட்டால் செத்த பாம்பு. இழுக்கும்போது எந்த முனை எந்தப் பக்கம் என்று தம்பி என்னைக் கேட்டார். "எதுவா இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொன்ன மேதை நான்தான்.

மறுநாள் உருவித் திருப்பிப் போட்டார். அரை நாள் கூலி தனி.

"வருதா?"

பின்கட்டிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா குரல். "வருதுடா. பளிச்சுனு வருது."

*

இனிமேல்தான் விஷயம்.

விண்டோஸ் பட்டனோடு 'பி'யை அழுத்தினால் இரண்டாவது திரையை என்ன செய்யலாம் என்று நாலு வழி காட்டும். அதில் முக்கியமானவை இரண்டு. 'டூப்ளிகேட்' என்றால் இங்கே இருப்பது அங்கே. 'எக்ஸ்டெண்ட்' என்றால் டிவி தனித் திரை, நாமாக எதை இழுத்து அங்கே தள்ளுகிறோமோ அது மட்டும். நான் டூப்ளிகேட்டில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியுடன் பேசி முடித்ததும் அதை அணைக்க மறந்தேன். அப்பாவும் டிவியை அணைக்கவில்லை.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, அப்பா தூங்கிவிட்டார் என்ற நினைப்பில், எக்ஸெல்லில் 'அப்பா செலவு' என்ற தாளைத் திறந்தேன். பகல் நேர உதவியாள் சம்பளம், பிசியோதெரபி, மருந்து, டயப்பர், டாக்டர், சில்லறை. கூட்டினால் அந்த மாசம் 48,600 ரூபாய். சரிபாதி 24,300. அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

க்ளிக் செய்தேன். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் சதி செய்கிறது என்று வால்யூமைக் கூட்டி மறுபடி க்ளிக் செய்தேன். இல்லை. முழு வால்யூம். மூன்றாவது க்ளிக். அப்போதுதான் தூரத்தில், வீட்டுக்குள்ளேயே, அக்கா பேசுவது கேட்டது. பெங்களூரில் இருப்பவள் எப்போது வந்தாள் என்று ஒரு கணம் எழுந்தே விட்டேன்.

ஹெச்டிஎம்ஐ படத்தோடு சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிப் போகும். விஜிஏ என்று பழைய நீலநிற வயர் ஒன்று இருந்ததே, 1987-ல் வந்தது, அது படத்தை மட்டும்தான் கொண்டுபோகும். இது அப்படியில்லை. டிவியைச் செருகிய நாளிலிருந்து என் கம்ப்யூட்டரின் வாய் அப்பா அறையில் இருக்கிறது.

அக்கா சொன்னது இதுதான். "கணக்கைப் பார்த்தேன்டா. மாசா மாசம் இவ்வளவுன்னா எத்தனை நாள் தாங்கும்? இங்க பக்கத்துல ஒரு ஹோம் இருக்கு. நர்ஸ், டாக்டர் எல்லாம் இருக்காங்க. போய் விசாரிச்சுட்டு வந்தேன். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. நீ பக்குவமா எடுத்துச் சொல்லேன்."

பக்குவமாக, முழு வால்யூமில், மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

ஓடினேன். அப்பா விழித்திருந்தார். டிவியில் என் எக்ஸெல் தாள் சுவர் போல நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லைட்டை அணைச்சுட்டுப் போ" என்றார். அணைத்துவிட்டு வந்தேன். தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

*

காலையில் காபி கொண்டுபோனேன். மன்னிப்பு கேட்கிற மாதிரி இரண்டு மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியவர்.

"பிசியோ பையன் பதினாலு நாள்தான் வந்தான். நீ பதினாறு போட்டிருக்கே. ரெண்டு நாள் மழை. வரலை."

ஒரு நாளைக்கு அறுநூறு. 1,200 ரூபாய் தப்பு. "ஆமாம்பா, பார்க்கலை" என்றேன்.

"சரி. என் பென்ஷன் எங்க?"

"என்னப்பா?"

"வரவுல காணோமே. வெறும் செலவுதான் இருக்கு."

அவருடைய பென்ஷன் 29,000 ரூபாய், என் பெயரும் சேர்ந்த கணக்கில்தான் விழுகிறது. பால், கரண்ட், மளிகை என்று வீட்டோடு கரைந்துவிடும். பல வருஷப் பழக்கம். அது அவர் பணம் என்பதே மறந்து, 'வீட்டுப் பணம்' ஆகிவிட்டது. ஒளித்து வைக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு அனுப்பிய தாளில் காட்டவும் இல்லை. கணக்கு எழுதத் தெரியாதவன் இப்படி எழுதினால் பிழை. பி.காம். படித்தவன் எழுதினால் அதற்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை.

விரல் விட்டே கணக்குப் போட்டார். "48,600-ல 1,200 கழி. 47,400. பென்ஷன் 29,000 போனா 18,400. ஆளுக்கு 9,200. உங்க அக்கா மேல தப்பில்லை. அவ பார்த்த கணக்குப்படி அவ சொன்னது சரி. கணக்குதான் தப்பு."

நான் சுவரில் கேசிங் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கே முடியாதுன்னு ஆனா, நானே சொல்றேன். ஹோம் கூடாதுன்னு எல்லாம் இல்லை. ஆனா எனக்கும் ஒரு ஓட்டு உண்டில்லையா? இனிமே கணக்கு எழுதறப்ப இங்க தெரியற மாதிரி எழுது."

அன்று சாயங்காலம் திருத்திய தாளை அக்காவுக்கு அனுப்பினேன். என்ன நடந்தது என்பதையும் எழுதினேன். அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் அப்பாவுக்கு போன் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் டூப்ளிகேட்டில் போட முடியாது.

*

டிவியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து மூன்று வரி. ஒன்று, ஒரே அறை என்றால் வயர் வேண்டாம், சுவர்கள் குறுக்கே இருந்தால் வயரைத் தவிர கதியில்லை. இரண்டு, நீளமான ஆப்டிகல் கேபிளை இழுக்கும் முன் முனையைப் படியுங்கள். மூன்று, சாதாரண நாளில் எக்ஸ்டெண்டில் வையுங்கள். வீட்டில் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். அல்லது, அவருக்கும் தெரியலாம் என்கிற மாதிரி மட்டும் எழுதப் பழகுங்கள். அது கஷ்டம்.

எங்கள் வீட்டில் மாசக் கடைசி ஞாயிறு மட்டும் டூப்ளிகேட். பெங்களூரிலிருந்து அக்கா, கட்டிலிலிருந்து அப்பா, வாசல் அறையில் குமாஸ்தாவாக நான். போன மாசம் 'சில்லறை 850' என்று போட்டதற்கு ஆடிட் அப்ஜெக்ஷன் வந்தது. விவரம் கொடுத்த பிறகுதான் பாஸ் ஆனது. ஹோம் விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் வயசும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது அது பற்றிப் பேசும்போது மூன்று பேர் பேசுகிறோம்.

கணக்கு முடிந்ததும் கேசட் போடச் சொல்வார். மூன்று கேசட்டிலும் சேர்த்து அம்மா வருவது கொஞ்ச நேரம்தான். வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டாரையே சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார். முகூர்த்தம் முடிந்த பிறகு ஒரு இடத்தில், அரக்குப் பட்டுப்புடவையில், எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு, கேமரா இருப்பது தெரியாமல் அம்மா குறுக்கே நடந்து போகிறாள். நாலு நொடி இருக்கும்.

வயர்லெஸ் மவுஸ் மூன்று சுவர் தாண்டி வேலை செய்யாது. ஆகவே நான் கம்ப்யூட்டர் முன்னால். நடு அறையில் என் மனைவி. பின்கட்டில் அப்பா.

"நிறுத்து!"

"நிறுத்தணுமாம்!"

நான் நிறுத்துவதற்குள் அம்மா போயிருப்பாள். திரையில் யாரோ ஒரு மாமா பாயசம் குடித்துக்கொண்டிருப்பார்.

"போச்சு. கொஞ்சம் பின்னாடி போகச் சொல்லு."

பின்னால் போகிறேன்.

"இப்ப வருதாப்பா?"

"இரு... இரு... வர்றா."